மீனாவின் மூன்றாவது கூண்டு

எங்கள் ஊர்க் கடைத்தெருவின் பின்சந்தில், வீட்டு வாசல் கிரில்லும் லோரித் தடுப்புக் கம்பியும் செய்து தரும் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள இந்த ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிய பிறகும், அந்தப் பட்டறையின் பற்றுச்சீட்டில் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அச்சிட்டிருக்கும். 2022 ஆகஸ்டில் அங்கேதான் என் பச்சைக்கிளிக்கு ஒரு கூண்டு செய்யக் கொடுத்தேன். நான்கடி அகலம், இரண்டரை அடி ஆழம், மூன்றடி உயரம். அதற்குக் கீழே சக்கரம் பூட்டிய இரண்டடிக் கால்கள். சட்டமும் வலையும் முழுக்க 304 தரத்து எவர்சில்வர். பொருளும் கூலியும் சேர்த்து 1,380 ரிங்கிட் ஆயிற்று. மூன்றாண்டுகளுக்கு மேல் புழங்கிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். கிளி கூண்டைக் கடித்து, தொங்கி, கதவை நெம்பி, மழைக்காலத்தையும் வெயிலையும் அதற்குள் கழித்த பிறகுதான் அதன் குணம் தெரியவரும். வாங்கிய வாரத்தில் எழுதப்படும் பாராட்டுகளை நான் நம்புவதில்லை.

இது எங்கள் வீட்டில் மூன்றாவது கூண்டு. முதல் இரண்டும் வீணாய்ப் போனதற்குக் காரணம் என் அறியாமைதான் என்றாலும், அந்த அறியாமையை விற்பனைக்காரர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஆகவே மூன்றாவதைப் பற்றிச் சொல்லுமுன் முதல் இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

மீனா 2018-இல் இறகு முளைத்த குஞ்சாக வந்தது. கழுத்தில் வளையம் இல்லாததால் பெண் என்று முடிவு செய்து பெயர் வைத்தோம். இந்த இனத்தில் ஆண் கிளிக்கும் கழுத்து வளையம் தெளிவாகத் தெரிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது 2020-இல் வளையம் வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. பெயரை மாற்றவில்லை, அது அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

குஞ்சை வாங்கிய நாளிலேயே, பக்கத்துப் பட்டணத்தில் செல்லப்பிராணிக் கடை ஒன்றில் 65 ரிங்கிட்டுக்கு வட்டக் கூண்டு ஒன்றை வாங்கினேன். குறுக்களவு 33 சென்டிமீட்டர். கோபுரம் போல் கூம்பிய உச்சி, மேலே மாட்டுவதற்கு ஒரு வளையம், பார்க்க மிக அழகு. நம்மவர் மனத்தில் கிளிக்கூண்டு என்றால் இந்த வடிவமோ, இதைவிடச் சிறியதாகக் கிளி ஜோசியக்காரர் மடியோரம் வைத்திருக்கும் மரப்பெட்டியோதான். சீட்டெடுக்க வெளியே வந்து, நெல்மணியைப் பெற்றுக்கொண்டு உள்ளே போகும் அந்தக் கிளிக்குப் பெட்டிக்குள் உடலைத் திருப்பக்கூட இடமில்லை என்பதைச் சிறுவயதில் திருவிழாக்களில் வேடிக்கை பார்த்தபோது நான் ஒருமுறைகூட எண்ணியதில்லை.

வட்டக் கூண்டின் குறை உச்சியில் இருந்தது. கம்பிகள் எல்லாம் ஓரிடத்தில் கூடுவதால், கீழே ஒரு விரல் அகலமாக இருக்கும் இடைவெளி மேலே போகப் போக ஊசி நுழையும் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. கிளி அலகாலும் காலாலும் பற்றி ஏறும் பறவை. ஏறினால் உச்சிக்குத்தான் போகும். ஒருநாள் மாலை பள்ளியிலிருந்து வந்தபோது மீனா ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவிரல் அந்த ஒடுக்கத்தில் சிக்கியிருந்தது. சமையல் எண்ணெய் தடவி விரலை விடுவிப்பதற்குள் என் கையில் நான்கு கடி. விரல் பிழைத்தது, நகம் போயிற்று. வால் இறகுகளோ அதற்கு முன்பே கம்பியில் உரசி உரசித் துடைப்பம் போல் பிரிந்திருந்தன.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020-இல், எல்லாரையும் போல நானும் இணையத்தில் பொருள் வாங்கப் பழகினேன். இரண்டாவது கூண்டு அப்படி வந்ததுதான். விளம்பரத்தில் "மிகப் பெரியது, 150 சென்டிமீட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 289 ரிங்கிட். பெட்டியைப் பிரித்துப் பூட்டி முடித்து அளவுநாடாவை வைத்தபோதுதான், அந்த 150 என்பது சக்கரம், கால், அடித்தட்டு, உச்சிக் கொக்கி எல்லாம் சேர்ந்த உயரம் என்று தெரிந்தது. கிளி புழங்கும் பகுதியின் உயரம் 80. அகலமோ வெறும் 46. மீனாவின் இறக்கை விரிப்பும் அதே 46 சென்டிமீட்டர்தான்! அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது. கூண்டு விளம்பரங்களில் எப்போதும் பெரிய எண்ணாகத் தெரிவது உயரம்தான். வாங்குபவர் கேட்க வேண்டியது உள் அகலம். அதைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டியதில்லை.

அகலத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு எங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. இந்நாட்டில் முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊரைச் சேர்ந்தது, 1917-இல் நட்டார்கள். இன்று நாற்புறமும் செம்பனைதான். அந்தப் பழக்குலைகளைத் தேடி வரும் நீளவால் கிளிகள் இந்த மண்ணுக்கே உரிய பறவைகள். அவை கத்திக்கொண்டே போகும்போது அண்ணாந்து பாருங்கள்: அம்பு விட்டாற்போல நேர்கோட்டில், படுக்கை வாக்கில் பறக்கும். நின்ற இடத்திலிருந்து செங்குத்தாகக் கிணற்றுக்குள்ளிருந்து எழுவது போல எந்தக் கிளியும் பறப்பதில்லை. அப்படியிருக்க, ஒடுங்கி உயர்ந்த கூண்டில் மேல்பாதி ஏறி உட்காரப் பயன்படுமே ஒழியப் பறக்கப் பயன்படாது.

இரண்டாவது கூண்டு வேறு இரண்டு வகையிலும் தோற்றது. ஒன்று, அதன் கறுப்புப் பூச்சு. நான்கே மாதத்தில் மீனா கதவோரத்துப் பூச்சை வேர்க்கடலைத் தோல் போல உரித்துவிட்டது, உள்ளே துரு. மற்றொன்று கம்பி இடைவெளி. பக்கங்களில் சரியாக இருந்த இடைவெளி, கதவருகே கம்பி வளைந்து 2.5 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தது. தலை நுழையும் இடைவெளியில் கிளி தலையை நுழைத்தே பார்க்கும், பின்னுக்கு இழுக்கும்போதுதான் சிக்கும். பச்சைக்கிளி அளவுள்ள பறவைக்கு 12 முதல் 19 மில்லிமீட்டர் வரை இடைவெளி போதும். விற்றவரிடம் முறையிட்டதற்கு, திருப்பிக் கொடுக்கும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது.

பிறகுதான் வேலையை முறையாகச் செய்தேன். பறவை மருத்துவரிடம் நகம் வெட்டப் போனபோது, மீனாவைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்த சில நிமிடங்களில் அளவெடுத்துத் தரக் கேட்டேன். அலகிலிருந்து வால் நுனி வரை 41 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வால். இறக்கை விரிப்பு நான் முன்பே சொன்ன 46. அகலம் இறக்கை விரிப்பைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கணக்குப்படி 69 சென்டிமீட்டர் வரும். என் அனுபவத்தில் அது கிளி உயிரோடிருக்கப் போதுமான அளவு, அவ்வளவே. பகலில் ஆறேழு மணி நேரம் வீட்டில் ஆளில்லாமல் கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய கிளிக்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் வேண்டும். நான்கடி என்பது 122 சென்டிமீட்டர், இரண்டரை மடங்குக்கு மேல். இதில் மீனா ஒரு கொம்பிலிருந்து எதிர்க் கொம்புக்கு இரண்டு முறை சிறகடித்துப் போகிறது. இரண்டே சிறகடிப்புதான், ஆனால் முந்தைய கூண்டுகளில் அது தாவியதே தவிரப் பறந்ததில்லை.

ஆழத்தைத் தீர்மானிப்பது வால். கொம்பை அகலவாக்கில் நடுவில் கட்டினால், உட்காரும் கிளியின் வால் பின்புற வலையை நோக்கி நீளும். மீனாவின் வால் 22 சென்டிமீட்டர். இரண்டரை அடி ஆழத்தில் நடுக் கொம்புக்கு முன்னும் பின்னும் 38 சென்டிமீட்டர் கிடைக்கிறது. திரும்பி உட்கார்ந்தாலும் வால் உரசுவதில்லை. இந்தக் கூண்டுக்கு வந்து அடுத்த இறகுதிர்வு முடிந்த பிறகு முளைத்த வால் இறகுகள் இன்றுவரை முழுதாக இருக்கின்றன. வட்டக் கூண்டின் துடைப்பத்தை நினைத்தால் இது ஒன்றே எனக்குப் போதும்.

ஆழம் மூன்றடி என்றுதான் நான் முதலில் வரைந்து கொண்டு போனேன். பட்டறைக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "டீச்சர், வாசப்படி எத்தனை அடி?" எனக்குத் தெரியவில்லை. "அளந்துட்டு வாங்க. கூண்டு செஞ்சிடலாம், வீட்டுக்குள்ள போகலேன்னா கதவைல்ல ஒடைக்கணும்." வீட்டுக்கு வந்து அளந்தேன். எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டின் முன்வாசல் நிலையின் உள்ளளவு 84 சென்டிமீட்டர். மூன்றடிக் கூண்டு, அதாவது 91 சென்டிமீட்டர், குறுக்கே நின்றிருக்கும். இரண்டரை அடி என்ற அளவு அப்படி வந்ததுதான். கூண்டு வாங்குவோர் கிளியை அளப்பதற்கு முன்பாகவே வாசலை அளந்துகொள்வது நல்லது.

பொருள் விஷயத்தில் அவருக்கும் எனக்கும் சிறு வாக்குவாதம் நடந்தது. ஹார்ட்வேர் கடைகளில் கோழிக்கூண்டுக்கு விற்கும் துத்தநாகம் பூசிய வலையில் செய்தால் 520 ரிங்கிட்டில் முடித்துவிடலாம் என்றார். அந்த வலையில் கோழி வளர்க்கலாம், கிளி வளர்ப்பதற்கு யோசிக்க வேண்டும். கோழி வலையைக் கடிப்பதில்லை. கிளி நாள் முழுதும் கடிக்கும். புதிய வலையில் பொடியாகவும் சொட்டாகவும் ஒட்டியிருக்கும் துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் கிளிக்கு நஞ்சு. வேறு வழியில்லாதவர்கள் புது வலையைக் காடியும் (வினிகர்) கம்பித் தூரிகையும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, பல நாள் மழையிலும் வெயிலிலும் கிடத்திய பிறகு பயன்படுத்துகிறார்கள். அதனால் ஆபத்து குறையும், அற்றுப்போகாது. 860 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து எவர்சில்வரையே தேர்ந்தேன். வீட்டில் இதற்காக நான் கேட்ட பேச்சு தனி. "கிளிக்கு எதுக்குடி நாலடி வீடு? தோட்டத்து லயத்துல நாங்க எட்டுப் பேரு ரெண்டு அறையில இருந்தோம்," என்றார் அம்மா. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரும் விடியுமுன் வெளியே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார்கள் என்பதை மட்டும் நினைவூட்டினேன்.

பட்டறையின் வேலைத்தரத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன கூண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் கைக்கு வந்தது. தீபாவளிக்கு முன் ஊரே கிரில் மாற்றும் என்பதால் எனக்கு வியப்பில்லை; ஆனால் ஒவ்வொரு முறையும் "வெள்ளிக்கிழமை கண்டிப்பா" என்று சொன்னதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆர்கன் வாயு வைத்து ஒட்டிய இணைப்புகள் சீராக இருந்தன. ½ அங்குலத்துக்கு 1 அங்குலம் கண் உள்ள வலை எங்கும் தொய்வில்லாமல் சட்டத்தோடு படிந்திருந்தது. ஆயினும் நான் கண்ணை நம்பாமல், பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்து உட்புறம் முழுவதும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். பின்பக்க அடிமூலையில் இரண்டிடத்தில் பஞ்சு சிக்கி இழை விட்டது. விரலுக்குத் தெரியாத முட்கள்; கிளியின் உள்ளங்காலுக்குத் தெரிந்திருக்கும். அங்கேயே கிரைண்டர் வைத்துத் தேய்த்துக் கொடுத்தார். அந்தப் பஞ்சைப் பார்த்தபோது அவர் முகத்தில் தெரிந்தது கோபமா மரியாதையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கதவில்தான் அவர் உண்மையாகவே தவறினார். தீனிக் கிண்ணத்துக்கான இரண்டு சிறு கதவுகளையும் மேல்நோக்கித் தூக்கித் திறக்கும்படி வைத்திருந்தார். மனிதருக்கு அது வசதி. கிளிக்கு அதைவிட வசதி. இரண்டாம் நாளே மீனா கதவின் அடிக்கம்பியை அலகால் உயர்த்தி, தலையைக் கொடுத்து, வெளியே வந்து விசிறி இறக்கையின் மேல் உட்கார்ந்திருந்தது. நல்ல வேளையாக விசிறி ஓடவில்லை. அவர் சரிசெய்து தரும் வரை சாவிக்கொத்துக் கொக்கிகளை மாட்டிச் சமாளித்தேன். பிறகு திருகித் திறக்கும் தாழ்ப்பாள்களை இலவசமாகவே போட்டுக் கொடுத்தார். புதிதாகச் செய்யக் கொடுப்பவர்கள் தூக்குக்கதவு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சக்கரங்களைப் பற்றி நான் வற்புறுத்தியது வீணாகவில்லை. டெங்கிக்குப் புகையடிக்கும் வண்டி எங்கள் தாமானுக்குள் வருவது வழக்கமான காட்சி. 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பள்ளிகளையே மூடினார்கள். பறவையின் மூச்சு உறுப்புகள் நம்முடையவற்றைவிடக் காற்றின் மாசுக்கு மிக எளிதில் ஆட்படுபவை. நாம் இருமும் முன்பே அவை துன்பப்படும். வட்டக் கூண்டில் இருந்த ஒரே நன்மை, அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட முடிந்தது. இப்போதைய கூண்டின் எடையை இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும். ஆனால் பிரேக் வைத்த ரப்பர் சக்கரங்கள் இருப்பதால் அம்மா ஒருவரே முன்கூடத்திலிருந்து உள்ளறைக்குத் தள்ளிவிடுகிறார். இரவிலும் அந்த அறைக்குத்தான் போகும், கிளிக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதால். சமையலறைப் பக்கம் மட்டும் கொண்டு போவதில்லை. ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் ஆவியில் கிளி நிமிடங்களில் இறந்துவிடும்.

கூண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே பொருளைத் திணித்தால் சிறியதுதான். ஊஞ்சல், மணி, ஏணி, கண்ணாடி என்று நான் வாங்கி மாட்டியவற்றில் பாதியை எடுத்த பிறகே மீனா பறக்கத் தொடங்கியது. கடையில் வரும் வழவழப்பான ஒரே பருமனுள்ள உருளைக் கொம்பு காலுக்கு ஆகாது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து பாதம் புண்ணாகும். பின்கட்டுக் கொய்யா மரத்தில் வெட்டிய, பருமன் மாறி மாறி வரும் மூன்று கிளைகளைக் கழுவிக் காய வைத்துப் பொருத்தியிருக்கிறேன். செலவில்லை, பட்டையை உரிக்கும் வேலையும் கிளிக்குக் கிடைக்கிறது.

வேறு இனங்களை வைத்திருப்பவர்கள் என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லவ்பேர்ட், பட்ஜி போன்ற சிறியவற்றுக்கு அளவு குறையலாம். ஆனால் கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு வலை போதாது, தடித்த கம்பி வேண்டும். இடைவெளி முக்கால் அங்குலம் முதல் ஓரங்குலம் வரை இருக்கலாம். அந்தக் கிளியை 2016-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. தாள்கள் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்றால் விலகிவிடுங்கள். பொதுவாகவே, 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம் என்பதால், எந்தக் கிளியானாலும் கூண்டுக்கு அளவு கொடுக்குமுன் மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழகத்திலிருந்து படிப்பவர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அங்கே பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மூன்றாண்டுகளில் வலையில் ஒரு கண்கூட அறுந்ததில்லை, துரு எங்கும் இல்லை. குறை என்று சொல்ல வேண்டுமானால் அடித்தட்டுதான். நான்கடித் தட்டை ஒரே துண்டாகச் செய்துவிட்டார். நாள்தோறும் காலையில் பழைய நாளிதழை மாற்ற அதை முழுதாக வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது. முன்புறம் நான்கடி இடம் காலியாக இருந்தாலொழிய அது முடியாது, இழுக்கும்போது எழும் கிரீச்சென்ற ஓசையில் பக்கத்து வீட்டு நாயும் குரைக்கிறது. நடுவில் ஒரு தண்டவாளம் வைத்து இரண்டு தட்டாகப் பிரித்துத் தர 140 ரிங்கிட் கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வந்துவிடும் என்கிறார்.